டிடிரெஸ்க்யூ: சாகக் கிடந்த டிஸ்கில் இரண்டு இரவு

மாங்குளத்தில் ஏ9 வீதியோரம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அடையாள அட்டைப் படம், போட்டோக் கொப்பி, கலியாண அல்பம், இவைதான் சோறு போடுகின்றன. ஆனால் என் கொம்பியூட்டரில் இருந்த பெறுமதியான சாமான் வேறு. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சனம், பொலித்தீன் பைக்குள் தப்பிய ஒன்றிரண்டு படங்களைக் கொண்டுவந்து பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். தண்ணீர் பட்டு முகம் அரைவாசி அழிந்த படங்களை நாட்கணக்கில் இருந்து திருத்தியிருக்கிறேன். அத்தனையும் ஒரேயொரு 1 டெராபைட் ஹார்ட் டிஸ்கில். பேக்கப்பா? கேட்காதீர்கள்.

ஒரு திங்கட்கிழமை விண்டோஸ் ஏறவில்லை. கொண்டுபோய்க் காட்டிய கடையில், “போர்மட் அடிச்சுத் தாறம், சரிவரும்” என்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அன்றிரவு மருமகன் போனில் சொன்னான்: “மாமா, விண்டோஸைத் திருத்தாதேங்கோ. முதல் டிஸ்கைக் கொப்பி எடுங்கோ.”

அவன் சொன்னதுதான் டிடிரெஸ்க்யூ. குனு திட்டத்தின் இலவச மென்பொருள். பென் டிரைவில் லினக்ஸ் போட்டு, அதிலிருந்து கொம்பியூட்டரைக் கிளப்பி ஓட்டவேண்டும். சாதாரணமாகக் கொப்பி பண்ணினால் பழுதான இடம் வந்ததும் அங்கேயே நின்று முட்டிமோதும். அந்த இழுபறியில் டிஸ்க் முழுதாகவே செத்துப்போகலாம். இது அப்படியில்லை. வாசிக்க மறுக்கும் இடத்தைத் தாண்டிப்போய், நல்ல பகுதியை முதலில் அள்ளிவிடுகிறது. பிறகுதான் திரும்பி வந்து, விட்ட இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் மேப் கோப்பு. எது எடுத்தது, எது மிச்சம் என்று அதில் எழுதிக்கொண்டே போகும். இரண்டாம் இரவு எங்கள் பக்கம் கரண்ட் போனது. யூபிஎஸ் பத்து நிமிடம் தாக்குப்பிடித்து அதுவும் படுத்துவிட்டது. கரண்ட் வந்ததும் அதே கட்டளையை அடித்தேன், விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. ஒன்று கவனியுங்கள்: பென் டிரைவில் ஓடும் லினக்ஸ் பெரும்பாலும் ராமில், அதாவது கொம்பியூட்டரின் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். மேப் கோப்பையும் அங்கேயே வைத்தால் கரண்டோடு அதுவும் போய்விடும். நான் இன்னொரு பென் டிரைவில் வைத்தது மருமகன் புண்ணியம்.

குறை இல்லாமலில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, பட்டன் ஒன்றும் கிடையாது. கட்டளையில் பழைய டிஸ்க் முதல், புது டிஸ்க் பிறகு. மாற்றி அடித்தால் வெறும் டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்படும். நேரே டிஸ்கில் எழுதச் சொன்னால், ‘பரவாயில்லை, எழுது’ என்று கட்டளையில் சேர்க்கும் வற்புறுத்தல் குறி (-f) இல்லாமல் அது நகராது. அந்தத் தடை நல்லதுதான். என்னிடம் இரண்டும் ஒரே அளவு என்பதால் பிளாஸ்டர் ஒட்டிப் பேனையால் எழுதி, சீரியல் நம்பரை மூன்று தரம் பார்த்து, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத்தான் என்டரைத் தட்டினேன். பழைய டிஸ்க் சூடாகாமல் இருக்க மேசை விசிறியையும் திருப்பிவைத்தேன்.

டிஸ்க் டிக் டிக் என்று அடித்தால் இதையும் ஓட்டாதீர்கள். அது பெரும்பாலும் உள்ளே டிஸ்கை வாசிக்கும் ஊசி (ஹெட்) பழுதான கேஸ். உடனே நிறுத்திவிட்டு, தூசி புகாத அறையில் டிஸ்கைத் திறந்து வேலை செய்பவர்களிடம் கொடுக்கவேண்டும். செலவு கூட.

என் டிஸ்கில் 99.97 வீதம் வந்தது. கோப்புப் பிழைகளைத் திருத்தும் விண்டோஸின் செக் டிஸ்கைப் புது டிஸ்கில்தான் ஓட்டினேன், பழையதைத் தொடவேயில்லை. விண்டோஸ் ஒருமுறை முனகிவிட்டு ஏறியது. திருத்திய படங்களில் ஏழு திறக்கவில்லை. அவற்றில் ஐந்தின் மூலப்படம் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது, திரும்ப ஸ்கேன் பண்ணலாம். மற்ற இரண்டுக்கும் வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும், இன்னும் போகவில்லை.

கடன் கணக்கு எழுதிவைத்த எக்செல் கோப்பும் போய்விட்டது. யார் எவ்வளவு தரவேண்டும் என்று இப்போது அவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.