ஒரு வருஷம் உழைத்த 9.8 மி.மீ. கயிறு

எங்கள் பல்கலைக்கழக மலையேற்றக் குழு காசு சேர்த்து வாங்கிய 60 மீட்டர் டைனமிக் கயிறு (விழும்போது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் வகை) இது. பொதுக் கயிறு என்றால் தெரியுமே: விழ எல்லோரும் வருவார்கள், துவைக்க ஒருத்தரும் வரமாட்டார்கள்.

சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யூ.ஐ.ஏ.ஏ.வின் சோதனையில் இந்த வகை ஒற்றைக் கயிறு 80 கிலோ எடையோடு குறைந்தது 5 விழுகையாவது தாங்க வேண்டும். முதல் விழுகையின் உச்ச விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. சோதனைக்கூடம் வேறு, என் இடுப்பு வேறு. போன மாதம் கால் வழுக்கி, கயிற்றை மாட்டப் பாறையில் அடித்திருக்கும் போல்ட்டுக்கு மேலிருந்து விழுந்தேன். வெடுக்கென்று இழுக்காமல், கயிறு நீண்டு பதமாகப் பிடித்தது. முழங்கை மட்டும் சிராய்த்தது. அதற்குக் கயிற்றைக் குறை சொல்ல முடியாது.

என் கோபமெல்லாம் கயிற்றின் நடுவைக் காட்டும் அடையாளத்தின் மேல்தான். நாலே மாதத்தில் அந்தக் கறுப்புக் கோடு மங்கிவிட்டது. ராப்பெல், அதாவது நடுவில் மடித்துத் தொங்கவிட்ட கயிற்றின் வழியே இறங்கும்போது, நடு எங்கே என்று தெரியாமல் கயிற்றைப் போட்டால் ஒரு முனை குட்டையாகத் தொங்கும். அப்படியே அதைத் தாண்டி வழுக்கிவிடலாம். இப்போது இரண்டு முனையிலும் முடிச்சுப் போடாமல் யாரும் இறங்குவதில்லை.

நனைந்தால் கனக்கிறது, காய இரண்டு நாள் ஆகிறது. நனைந்த நைலானுக்கு வலுவும் குறையும். பனிமலைக்கு ட்ரை ட்ரீட்மென்ட் (தண்ணீர் ஊறாமல் தடுக்கும் பூச்சு) செய்ததை வாங்குங்கள். பாறைக்கும் செயற்கைச் சுவருக்கும் இதுவே தாராளம்.