‘ஸ்ட்ரீமிங் மாஸ்டர்’ என்று தனியாகக் காசு வாங்கிவிட்டு வால்யூமை மட்டும் குறைத்துத் தந்த ஸ்டுடியோ

மும்பையில் சொந்தப் பாட்டை ரெக்கார்டு செய்து, கலந்து முடித்த பாட்டின் சத்தத்தையும் தொனியையும் வெளியிடத் தயாராக்கும் கடைசி வேலையான மாஸ்டரிங்குக்கு ஸ்டுடியோ தேடிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அந்தேரி மேற்கில் ஒரு ஸ்டுடியோ எங்களிடம் இரண்டு வேலைக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒரே வேலையைச் செய்து, அதையும் கெடுத்துத் தந்தது. பெயரைப் போடப் போவதில்லை. ஆனால் என்ன செய்தார்கள், அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை முழுசாகச் சொல்கிறேன். இதே வேலையை வேறு பெயரில் வேறு ஆளும் செய்யலாம் இல்லையா?

நாங்கள் தாராவிப் பையன்கள். பறை, உருமி, தவில், ஒரு கீபோர்டு, பாட இரண்டு பேர். நான்கு பாட்டு. மூன்று பறையடித்து ஆடுகிற பாட்டு, நான்காவது எங்கள் ஆச்சி பாடிய தாலாட்டு. அதில் சுருதிப்பெட்டியும் ஆச்சி குரலும் மட்டும்தான். பறை ரெக்கார்டிங்குக்கு அண்ணன் ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் மாடிக்குப் போய்த் தோலைக் காய்ச்சிக்கொண்டு வந்தார். சூடு ஆறினால் சுண்டுக்குச்சியின் சத்தம் மழுங்கிவிடும் என்பார். மிக்ஸ், அதாவது தனித்தனியாகப் பதிந்ததை எல்லாம் கலந்து ஒரே பாட்டாக்கும் வேலை, சயானில் எங்கள் நண்பன் வீட்டில் முடிந்தது. எல்லாம் வந்து சேரும் மாஸ்டர் ட்ராக்கில், உச்சியைத் தட்டிச் சத்தத்தைத் தூக்கும் லிமிட்டர் எதுவும் போடாமல், மேலே நன்றாக இடம் விட்டு, 24 பிட் வேவ் ஃபைலாகக் கொடுத்தோம்.

பேச்சு இதுதான். ஒரு பாட்டுக்கு 4,000 ரூபாய். அதில் சிடிக்கும் மேடைக்கும் காருக்கும் ஏற்ற ‘லவுட் மாஸ்டர்’ வரும். ஸ்பாட்டிஃபை, யூடியூபுக்குத் தனியாக, ‘முதலிலிருந்து வேறாக’ ஒரு ஸ்ட்ரீமிங் மாஸ்டர் செய்ய வேண்டும், அதற்குப் பாட்டுக்கு இன்னும் 2,000. ஆக மொத்தம் 24,000. எங்களைப் போன்றவர்களுக்கு இது சின்னக் காசு இல்லை. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் அடித்துச் சேர்த்தது.

வேலை முடிந்ததும் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். பெரிய ஸ்பீக்கர், நல்ல அறை. ஒரு பட்டனைத் தட்டி ‘முன்னே’, இன்னொரு தட்டில் ‘பின்னே’. பின்னே வந்தபோது அறையே அதிர்ந்தது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள், ஏமாற்றின் பாதி இங்கேதான் நடக்கிறது. எங்கள் மிக்ஸ் சராசரியாக மைனஸ் 18 லஃப்ஸில் இருந்தது (லஃப்ஸ் என்பது சத்தத்தை அளக்கும் அலகு, சுழியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடுதல்). அவர்கள் மாஸ்டர் மைனஸ் 6-இல். பன்னிரண்டு டெசிபல் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ‘எது நன்றாக இருக்கிறது?’ என்று கேட்டால் எந்தக் காதும் சத்தமானதைத்தான் காட்டும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடிஒலியும் உச்சஒலியும் சரியாக எட்டாது. கூட்டக் கூட்ட அவை நிறைந்து வரும். அமெரிக்காவின் பெல் லேப் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஃப்ளெட்சரும் மன்சனும் இதை 1933-லேயே அளந்து கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டி வைத்தாலே அது தெளிவாக இருப்பதாகத் தோன்றும். நியாயமாக மாஸ்டரிங் செய்பவர் இரண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்துதான் மாற்றி மாற்றிப் போடுவார். அப்போதுதான் வேலை தெரியும். அப்படிப் போடச் சொல்லிக் கேட்டோம். ‘அப்படிப் போட்டால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது பாய்’ என்றார் ஸ்டுடியோக்காரர். பணத்தை யுபிஐயில் அனுப்பச் சொன்னார்கள், பில் கேட்டதற்கு ‘ரிப்போர்ட் அனுப்புறோம்’ என்றார்கள்.

வீட்டில் ஹெட்போனில் கேட்டபோது அண்ணன்தான் முதலில் சொன்னார். “தம்பி, சத்தம் இருக்கு. அடி எங்க?” அவ்வளவுதான் சொன்னார், ஆனால் மொத்தமும் அதுதான். பறையில் அடிக்குச்சி விழும் அந்த முதல் நொடியில் ஒரு வெட்டு உண்டு, நெஞ்சில் போய் இடிக்கும். அது காணாமல் போயிருந்தது. அடி விழும்போதெல்லாம் பாடுபவரின் குரல் ஒரு கணம் உள்ளே போய்த் திரும்பி வந்தது. உருமியில் குச்சியைத் தேய்க்கும்போது எழும் உறுமலில் கரகரவென்று ஒரு நெரிசல். எல்லாவற்றையும்விடத் தாலாட்டுதான் மோசம். அதையும் பறைப் பாட்டு அளவுக்கே தூக்கியிருந்தார்கள். ஆச்சி வரிக்கு வரி இழுக்கும் மூச்சு, பாடும் சொல்லுக்குச் சமமாக ஒலித்தது. ஆச்சி கேட்டுவிட்டு, “ஏய்யா, நான் என்ன இப்படியா மூச்சு வாங்குனேன்?” என்றாள். எழுபது தாண்டிய மனுஷி, தன் குரலில்தான் குறை என்று நினைத்துக்கொண்டாள். எனக்கு இன்றும் கோபம் ஆறாதது இந்த ஒன்றுக்குத்தான்.

அப்புறம் அளந்து பார்த்தோம். லவுட்னஸ் மீட்டர் இலவசமாகவே கிடைக்கிறது, யூலீன் மீட்டரின் இலவசப் பதிப்பே போதும். பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டால் இன்டகிரேட்டட் லஃப்ஸ் என்று ஒரு எண் வரும். முழுப் பாட்டின் சராசரிச் சத்தம், அதுவும் காது உணரும் விதத்தில் எடைபோட்டது. ஐடியு என்னும் உலகத் தொலைத்தொடர்பு அமைப்பு 2006-இல் வகுத்த பிஎஸ் 1770 என்ற முறை இதற்கு அடிப்படை. பக்கத்தில் ட்ரூ பீக் என்று இன்னொரு எண். டிஜிட்டல் ஃபைலில் இருப்பவை புள்ளிகள். ஒலியாக மாறும்போது இரண்டு புள்ளிக்கு நடுவே அலை அவற்றைவிட உயரலாம். அந்த உயரத்தையும் கணக்கிட்டுச் சொல்வது ட்ரூ பீக்.

முதல் பறைப் பாட்டு, லவுட் மாஸ்டர்: இன்டகிரேட்டட் மைனஸ் 6.2. ட்ரூ பீக் பிளஸ் 0.9, அதாவது டிஜிட்டல் ஒலியின் உச்ச வரம்பான சுழியத்தையே தாண்டி. அதே பாட்டின் ‘ஸ்ட்ரீமிங் மாஸ்டர்’: இன்டகிரேட்டட் மைனஸ் 14.2, ட்ரூ பீக் மைனஸ் 7.1.

இரண்டு எண்ணையும் கழித்துப் பாருங்கள். இன்டகிரேட்டடிலும் வித்தியாசம் 8, ட்ரூ பீக்கிலும் 8. தனியாகச் செய்த இரண்டு மாஸ்டருக்குள் இப்படிப் பொருந்தி வர வாய்ப்பு மிகக் குறைவு. சந்தேகம் தீர ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் இரண்டு ஃபைலையும் மேலும் கீழுமாக வைத்தோம். ஸ்ட்ரீமிங் மாஸ்டரை 8 டெசிபல் கூட்டினோம். ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பினோம், அதாவது அலையைத் தலைகீழாக்கினோம். இரண்டும் ஒன்றுதான் என்றால் ஒன்றை ஒன்று அடித்துவிட்டு எதுவும் கேட்கக் கூடாது. ப்ளே போட்டோம். எதுவும் கேட்கவில்லை. மீட்டர் அசையவே இல்லை. நான்கு பாட்டிலும் அப்படியே. நசுக்கிய மாஸ்டரை எடுத்து வால்யூமைக் குறைத்து வேறு பெயரில் சேமித்துத் தந்திருக்கிறார்கள். அதற்குத்தான் 8,000 ரூபாய்.

‘ஸ்பாட்டிஃபை போடும் அளவு மைனஸ் 14தானே, அதைத்தான் தந்தோம், இதில் என்ன குறை?’ என்று யாராவது கேட்கலாம். குறை என்னவென்று விளக்கமாகவே சொல்கிறேன். படியில் அரிசியை அளக்கும்போது கும்பத்தை மட்டும் தலைதட்டுவோமே, லிமிட்டரின் வேலை அதுதான். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துருத்தி நிற்கும் பீக்கை மட்டும் தட்டினால் மொத்தப் பாட்டையும் கொஞ்சம் மேலே தூக்க இடம் கிடைக்கும். லிமிட்டர் எவ்வளவு தட்டுகிறது என்று காட்டும் கெயின் ரிடக்‌ஷன் மீட்டரில் இரண்டு மூன்று டெசிபல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் பாட்டுக்குச் சேதமில்லை. அது எந்நேரமும் எட்டு, ஒன்பது என்று கீழேயே கிடந்தால் தட்டப்படுவது பீக் இல்லை, இசையே. பிடித்ததை லிமிட்டர் எவ்வளவு சீக்கிரம் விடுகிறது என்பதுதான் ரிலீஸ். அதை மிக வேகமாக வைத்தால் இன்னொரு கேடு. 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட் ஆகும். லிமிட்டர் அதற்குள்ளேயே பிடித்துப் பிடித்து விட்டால் அலையின் வடிவமே மாறிவிடும். உருமியில் வந்த கரகரப்பு அதுதான்.

இப்படித் தட்டிய பின் வால்யூமைக் குறைத்தால் போன அடி திரும்பி வராது. எங்கள் மிக்ஸில் சராசரிக்கும் உச்சிக்கும் நடுவே 14 டெசிபலுக்கு மேல் இடைவெளி இருந்தது. பறை எழும்பிக் குதிக்கும் இடம் அது. லவுட் மாஸ்டரில் அது 7.1. ஸ்ட்ரீமிங் மாஸ்டரிலும் அதே 7.1. மைனஸ் 14-க்கென்று நிஜமாகவே செய்திருந்தால் உச்சியை மைனஸ் 1 வரை விடலாம், 13 டெசிபல் இடம் கிடைத்திருக்கும். பாட்டின் மேலே ஆறு டெசிபல் வெற்றிடத்தை வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் நிற்க வேண்டிய பறையை வெட்டித் தந்திருக்கிறார்கள்.

ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் அளவுக்குக் கொண்டுவந்து போடுகிறது. ஆப்பிள் மியூசிக்கில் சத்தத்தைச் சமப்படுத்தும் சவுண்ட் செக் போட்டிருந்தால் மைனஸ் 16. யூடியூபும் 14-ஐ ஒட்டியே, ஆனால் சத்தமானதைக் குறைக்கும், குறைந்ததைக் கூட்டாது. கேட்பவர் இந்தச் சமப்படுத்தலை அணைத்து வைக்காதவரை, நசுக்கிய பாட்டு அங்கே மற்ற பாட்டைவிடச் சத்தமாகக் கேட்காது. வெறுமனே அடி இல்லாமல் கேட்கும். பீக்கை மைனஸ் 1-க்குக் கீழே வைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஃபைலை ஏஏசியாகவோ ஆக் வோர்பிஸாகவோ சுருக்கும்போது பீக் இன்னும் கொஞ்சம் ஏறும். ஏற்கெனவே பிளஸ் 0.9-இல் நிற்பது எங்கே போய் முட்டும்?

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். சத்தமாகச் செய்வதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. சினிமாக் குத்துப் பாட்டு, ராப், எலக்ட்ரானிக் எல்லாம் மைனஸ் 8, 9-இல் வருகின்றன. அந்தச் சத்தத்துக்கு ஏற்ற மாதிரி மிக்ஸிலிருந்தே கட்டியிருப்பார்கள், நன்றாகவும் இருக்கும். எல்லாப் பாட்டும் மைனஸ் 14-இல்தான் இருந்தாக வேண்டும் என்று சட்டமும் இல்லை. எங்கள் புகார் வேறு. செய்யாத வேலைக்குக் காசு வாங்கினார்கள், பறைக்கும் தாலாட்டுக்கும் ஒரே அமைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டார்கள். ஸ்பாட்டிஃபையில் ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவுதான் கூட்டிக் குறைக்கிறது. பாட்டுக்குப் பாட்டு நாம் வைத்த ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கும். பறைக்குப் பிறகு வரும் தாலாட்டு தணிந்து வருவதற்கு அங்கே வழி இருந்தது. அதையும் கெடுத்துவிட்டார்கள்.

பில்லுக்குப் பதில் வந்த ‘ரிப்போர்ட்’டைப் பற்றியும் சொல்கிறேன். முதல் பாட்டின் லவுட் மாஸ்டருக்கு மைனஸ் 9.3 என்று காட்டும் மீட்டர் படம். பார்க்க அழகாக இருக்கும். ஓரத்தில் ஓடிய நேரம் 00:41 என்று இருந்தது. பாட்டு நாலே கால் நிமிடம்! உருமி மட்டும் தனியாக வரும் ஆரம்பத்தை ஓடவிட்டு, பறை விழும் முன் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். இன்டகிரேட்டட் என்றாலே முழுசாக ஓடியாக வேண்டும். யாராவது மீட்டர் படம் அனுப்பினால் முதலில் அந்த நேரத்தைப் பாருங்கள்.

நேரில் போய்க் கேட்டோம். முதலில் ‘உங்கள் ஹெட்போன் சரியில்லை’. ரீப்பரைத் திறந்து காட்டியதும் பேச்சு மாறியது. “ஸ்பாட்டிஃபை எப்படியும் குறைக்கத்தானே போகிறது, அதை நாங்களே செய்து கொடுத்தோம்.” அது தானே குறைக்கும் என்றால் எங்களிடம் எதற்குப் பாட்டுக்கு 2,000 வாங்கினீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. திரும்பச் செய்ய ‘ரிவிஷன் சார்ஜ்’ தனி என்றார்கள். பணம் இன்றுவரை திரும்பவில்லை. இதற்குள் ஒரு பாட்டு யூடியூபில் ஏறிவிட்டது. ஏற்றிய வீடியோவில் நம் புது ஆடியோ ஃபைலை மாற்றி அதே லிங்க்கில் வைக்க முடியாது. எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றினோம். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் எழுதிய கமென்ட் எல்லாம் அதோடு போயிற்று.

அப்புறம் செம்பூரில் தெரிந்த ஒருவர் பழைய மிக்ஸிலிருந்து மறுபடி செய்து கொடுத்தார். பறைப் பாட்டுகள் மைனஸ் 11-ஐ ஒட்டி, தாலாட்டு மைனஸ் 16, எல்லாவற்றிலும் ட்ரூ பீக் மைனஸ் 1. ஒரே ஃபைல், ஒரே விலை. ‘இதையே எல்லா இடத்திலும் போடுங்கள், தனியாக எதுவும் வேண்டாம்’ என்றார்.

இப்போது யாரிடம் வேலை கொடுத்தாலும் முன்பணத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் எழுதி ‘சரி’ வாங்கிவிடுகிறோம். ஒப்பிட்டுக் காட்டும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். இரண்டு மாஸ்டருக்குக் காசு என்றால் இரண்டும் தனித்தனி லிமிட்டர் அமைப்பில் வர வேண்டும், நாங்கள் போலாரிட்டியைத் திருப்பிச் சோதிப்போம். முழுப் பாட்டும் ஓடிய மீட்டர் படம் வேண்டும். மீதிப் பணம் வீட்டில் கேட்டு அளந்த பிறகுதான். இதைப் படித்து முகம் சுளிக்கிறவரிடம் நாங்கள் போவதில்லை. செம்பூர்க்காரர் படித்துவிட்டு உடனே சரி என்றார்.

தாராவி, சயான், ஆன்டாப் ஹில் பக்கம் யாரிடமாவது இப்படிச் சந்தேகமான மாஸ்டர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டு வாருங்கள். மிக்ஸ் ஃபைலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து அளந்து பார்க்கலாம், காசெல்லாம் வேண்டாம்.