இருமக் கற்றுக்கொடுத்த பெண்

பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைப் பார்க்க லண்டனிலிருந்து கும்பகோணம் போயிருந்தேன். ஸ்கேன், மருந்து எதிலும் அந்தத் தனியார் மருத்துவமனை குறை வைக்கவில்லை. ஆனால் மூக்கு டியூபை எடுத்த கையோடு, "இனிமே கொஞ்சம் கொஞ்சமா வாய் வழியா கொடுங்க" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒழுங்காக விழுங்குகிறாரா என்று ஒருவரும் சோதிக்கவில்லை. நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. இங்கிலாந்தில் பக்கவாதம் என்று வந்தவருக்கு 4 மணி நேரத்துக்குள் விழுங்கும் சோதனை நடக்க வேண்டும். அதுவரை வாயில் மாத்திரைகூடப் போடக் கூடாது.

வீட்டுக்கு வந்தால் நம் வழக்கம்தான் தெரியுமே. ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, இளநீர். சாய்ந்து படுத்திருப்பவரிடம் "ஒரு வாய் காபி குடிங்க மாமா" என்று டம்ளரை நீட்டுவார்கள். லண்டனில் நான் ஏங்குவது இந்த அன்புக்குத்தான். ஆனால் அன்று பதறிப்போனேன். கெட்டிக் கஞ்சியைவிடத் தண்ணியான காபிதான் சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுவோம். பக்கவாதத்தில் அந்த இருமலே வலுவிழந்துவிடும். சிலருக்கு இருமல் வராமலே உள்ளே போய்விடும். அப்புறம் நிமோனியாதான். அப்பாவுக்குக் குடித்த பிறகு குரல் களகளவென்று மாறியது.

தெருக்கோடியில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண் கை கால் பயிற்சிக்காகத்தான் வந்தார். குரலைக் கேட்டதுமே டம்ளரை வாங்கி வைத்துவிட்டார். அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, அம்மாவின் கைகளை விலாவுக்குக் கீழே மேல்வயிற்றில் பதித்தார்.

"ஐயா, மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க... இப்ப இருமுங்க! அம்மா, அதே நேரம் உள்ளே அழுத்தி மேலே தள்ளுங்க."

முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அம்மா அழுத்தவே பயந்தார். இருவருக்கும் நேரம் ஒத்துப்போனதும் கட்டியாகச் சளி வந்து விழுந்தது. லண்டன் மருத்துவமனைகளில் இதற்கென்றே இயந்திரம் உண்டு. மாஸ்க் வழியாகக் காற்றை உள்ளே தள்ளி, உடனே உறிஞ்சி இழுக்கும். இங்கே அம்மாவின் கைகளே அதைச் செய்தன.

சாப்பிட்டவுடன் செய்யக் கூடாது, விலா எலும்பு முறிந்திருந்தாலோ வயிற்றில் புதிதாக ஆபரேஷன் நடந்திருந்தாலோ தொடவே கூடாது என்று அழுத்திச் சொன்னார். "இது விழுங்குறதைச் சரி பண்ணாது, நெஞ்சுல சளி தங்காம இருக்கத்தான்" என்று சொல்லி, விழுங்குவதையும் சோதித்துப் பார்க்கும் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் எங்களை அனுப்பியதும் அவர்தான். இப்போதைக்குக் கெட்டிக் கஞ்சி மட்டும், அதுவும் ஸ்பூனில்.

வார்டில் இரவும் பகலும் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அம்மா. இதைச் சொல்லித்தர ஒருவருக்கும் நேரமில்லையா? டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைப் பட்டியல் மட்டும் ஒரு பக்கம் இருக்கிறது. விழுங்குவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.