கரியமில வாயு தேங்கும் சிஓபிடிக்கு எந்த மெஷின்? அப்பாவோடு பார்த்தவரை

அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் நாள்பட்டு அடைபடும் நுரையீரல் நோய். மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் அவருக்குப் பெரும்பாடு. அதனால் கரியமில வாயு ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. கான்சன்ட்ரேட்டர், ஹை ஃப்ளோ, பைபேப் என்ற மூன்று மூச்சு மெஷின்களையும் அவர் பயன்படுத்தியபோது கூடவே இருந்தவள் நான்.

என் ஓட்டு பைபேப்புக்குத்தான். மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷின் அது. இழுக்கும்போது கூடுதல் அழுத்தம், விடும்போது குறைவான அழுத்தம். அந்த வித்தியாசம்தான் களைத்துப்போன தசைகளின் பாரத்தை வாங்கிக்கொண்டு மூச்சை ஆழமாக்குகிறது, தேங்கிய வாயு வெளியேறுகிறது. சிபேப்பும் பார்க்க இதே மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஒரே அழுத்தம்தான், தூக்கத்தில் தொண்டை அடைபடுகிறவர்களுக்கானது. வாங்கும்போது பெயரைச் சரிபாருங்கள். பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, தீவிர மூச்சுத்திணறலுக்குச் சிகிச்சை முடிந்து சில வாரமாகியும் கரியமில வாயு குறையாதவர்களைப் பற்றியது. வீட்டில் ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்கள் மறுபடி அட்மிட் ஆகவோ இறக்கவோ ஆன காலம் நடுமதிப்பில் 1.4 மாதம். இரவில் பைபேப்பும் சேர்த்தவர்களுக்கு 4.3 மாதம். இந்த வித்தியாசம் எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை.

ஆனால் எவ்வளவு நல்ல மெஷினும் மாஸ்க் பொருந்தாவிட்டால் மூலையில்தான் கிடக்கும். "ஏம்மா, ஓடுற பஸ்ல ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டின மாதிரி இருக்கு" என்று அப்பா கழற்றி வைத்துவிடுவார். மூக்கு மாஸ்க் சரிப்படவில்லை. தூங்கும்போது வாய் திறந்து காற்றெல்லாம் போய்விடும். மூக்கும் வாயும் சேர்ந்து மூடுகிற மாஸ்க்தான் நின்றது. பட்டையை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று தோன்றும். நிற்காது, மூக்குத்தண்டில் புண்தான் வரும். படுத்த நிலையில் அளவு பார்த்து, பட்டைக்குக் கீழே ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்தியதும் கசிவு குறைந்தது. பகலில் உட்கார்ந்து டிவி பார்த்தபடியே போட்டுப் பழகினார். வயிறு உப்புவது மட்டும் இன்னும் அவ்வப்போது உண்டு.

ஹை ஃப்ளோவில் சுகம் அதிகம். 37 டிகிரி வரை சூடாக்கிய ஈரக்காற்று, நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை மூக்கு வழியாகப் போகும். சாப்பிடலாம், பேசலாம். அப்பாவுக்குச் சளியும் இளகி வந்தது. மூக்கிலும் தொண்டையிலும் நிற்கிற பழைய காற்றையும் அது அலசிவிடும். ஆனால் கரியமில வாயு ஏறி ரத்தத்தில் அமிலம் கூடிவிட்ட நேரத்தில் முதலில் வைப்பது பைபேப்தான். பைபேப்பைக் கழற்றும் இடைவேளைகளுக்கு ஹை ஃப்ளோ அருமை.

கான்சன்ட்ரேட்டர் ஆக்சிஜன் தரும், மூச்சைத் தள்ளித் தராது. இப்படிப்பட்டவர்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பொதுவாக 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்பார்கள். திணறுகிறாரே என்று பதறி நீங்களே ஆக்சிஜன் லிட்டரை ஏற்றாதீர்கள், கரியமில வாயு இன்னும் கூடிவிடலாம்.

வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று மாஸ்க்கைப் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். பிறகு ரத்த வாயு பரிசோதனை செய்து அழுத்தத்தை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் என்றால் அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். எழுப்பியும் சரியாக எழாமல் குழம்பிப் பேசினால் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.