155 மி.மீ. கிராங்க்: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

என் உயரம் 152 செ.மீ. வெறுங்காலுடன் சுவரை ஒட்டி நின்று தொடையிடுக்கிலிருந்து தரைவரை அளந்தால் காலளவு 70 செ.மீ. அதனால் இருப்பதிலேயே சிறிய சட்டமுள்ள சைக்கிளைத்தான் வாங்கினேன். ஆனாலும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். தொடை மேலே வரும்போது நெருக்குகிறதே என்று இருக்கையை ஏற்றினால், கீழே கால் எட்டாமல் இடுப்பு ஆடும். இறக்கினால் தொடை மறுபடி வயிற்றில் முட்டும். என் உடல்வாகுதான் காரணம் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

ஒருநாள் செயினைத் துடைக்கும்போது, கிராங்கின் (பெடலைத் தாங்கிச் சுழலும் தண்டின்) உட்புறத்தில் பெடலை முடுக்கும் துளையருகே, எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் ‘170’ என்ற எண் தெரிந்தது. கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து பெடல் அச்சின் மையம் வரையிலான நீளம் அது, மி.மீ. கணக்கில். என் காலளவில் 24 சதவீதத்துக்கும் மேல். 90 செ.மீ. காலளவு உள்ளவருக்கு இதே விகிதத்தில் கொடுத்தால் ஏறத்தாழ 219 மி.மீ. வரும். அவருக்கு யார் அப்படி விற்பார்கள்? சட்டத்தைச் சிறிதாக்கிவிட்டுக் கிராங்கை மட்டும் அப்படியே விட்டுவிடுவது எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது.

155 மி.மீ. கிராங்குக்கு மாறிய முதல் வாரம் ஏமாற்றம்தான். இருக்கையை நான் ஏற்றவே இல்லை. கிராங்க் 15 மி.மீ. குறைந்தால், மிதி அடியில் இருக்கும்போது பெடல் அதே அளவு உயர்ந்து நிற்கும். இருக்கையும் 15 மி.மீ. ஏற வேண்டும். ஏற்றிய பிறகு, மிதியின் உச்சியில் இருக்கைக்கும் பெடலுக்கும் இடையே மொத்தம் 30 மி.மீ. கூடுதலாகக் கிடைத்தது. அந்த இடைவெளிதான் எனக்கு எல்லாம் செய்தது. தொடை முட்டுவது நின்றது, இடுப்பு அசையாமல் நின்றது, ஒரு மாதத்தில் வலியும் போய்விட்டது. முழங்கால் வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. எனக்கு இதுதான் காரணமாக இருந்தது. மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனி முன்சக்கரத்தில் உரசுவதும் நின்றது. கைப்பிடியை மட்டும் சற்று உயர்த்திக்கொண்டேன்.

நெம்புவிசை குறைவதால் அதே கியர் ஏறத்தாழ 10 சதவீதம் கனமாகத் தெரியும். மேட்டில் இது நன்றாகவே உறைக்கும். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தை 28 பல்லிலிருந்து 32க்கு மாற்றினேன். இப்போது கால் வேகமாகச் சுழல்கிறது, அவ்வளவுதான். வலு குறையும் என்ற பயம் வேண்டாம். 2001இல் மார்ட்டின், ஸ்பிர்டூசோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 120 முதல் 220 மி.மீ. வரையிலான கிராங்குகளைச் சோதித்தபோது, உச்சத் திறனில் கண்ட வேறுபாடு 4 சதவீத அளவுதான். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற, 176 செ.மீ. உயரமுள்ள தடேய் பொகாச்சாரே 2024இல் 165 மி.மீ. கிராங்க்தான் பயன்படுத்தினார்.

வாங்குமுன் புதிய கிராங்க் உங்கள் சைக்கிளின் அச்சு வகைக்குப் பொருந்துமா என்று பாருங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் கழலும். காலளவில் 21 முதல் 21.6 சதவீதம் என்ற பரவலான கணக்கின்படி எனக்கு 147 முதல் 151 வரை வருகிறது. 155 கைக்குக் கிடைத்ததால் எடுத்தேன். அடுத்த சைக்கிளுக்கு 150 தேடப் போகிறேன்.