கண்ணாடிக் குடுவையோடு வரும் காற்றுச்செடித் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

மண் இல்லாமல் வளரும் டில்லான்ட்சியா செடிகள் மூன்று, அவற்றை உள்ளே வைத்துத் தொங்கவிட ஒரு கண்ணாடிக் குடுவை, குடுவைக்குள் பரப்ப வெண்மணலும் உலர்ந்த பாசியும், கம்பியை வளைத்துச் செய்த சிறு தாங்கி, கைத்தெளிப்பான், உரப்பொட்டலம், பராமரிப்புக் குறிப்பு அச்சிட்ட அட்டை ஆகிய அனைத்தும் ஒரே பெட்டியில் வரும் தொகுப்பு ஒன்றை இணையம்வழி வாங்கி, ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். விற்பவரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஏறக்குறைய இதே பொருள்களை இதே அமைப்பில் பலரும் விற்பதால், இதிலுள்ள நிறையும் குறையும் ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடிகள் மிக நல்லவை. ஆனால், அவற்றோடு வந்த குடுவையும் அட்டையும் அந்தச் செடிகளின் இயல்புக்கே எதிரானவை.

பெட்டியில் இருந்தவை அயோனாந்தா, கேபுட் மெடூசே, செரோகிராஃபிகா என்னும் மூன்று இனங்கள். ஒவ்வொன்றையும் மெல்லிய தாளில் தனித்தனியாகச் சுற்றி, சுற்றிலும் காகிதத் துண்டுகளை நிரப்பி அனுப்பியிருந்தார்கள். மண்ணும் தொட்டியும் இல்லாத செடி என்பதால் பயணத்தில் சாய்ந்தாலும் புரண்டாலும் அதற்குச் சேதமில்லை. சில நாள்கள் இருட்டிலும் தண்ணீரில்லாமலும் கிடப்பதை இவ்வினங்கள் எளிதில் தாங்கும். வந்தவுடன் நான் முதலில் பார்த்தது அடிப்பகுதியைத்தான். விரலால் மெல்ல அழுத்தினால் அது உறுதியாக இருக்க வேண்டும். கருமையோ பழுப்பு நிறமோ படர்ந்திருக்கக் கூடாது. கையில் எடுத்தால் அளவுக்கேற்ற கனம் தெரிய வேண்டும். மூன்று செடிகளும் இந்தச் சோதனையில் தேறின. உள்ளங்கைக்குள் அடங்கும் அயோனாந்தாவின் அடியில் கம்பிபோல் விறைத்த நான்கைந்து வேர்கள் இருந்தன. அவை மரக்கிளையையோ பாறையையோ பற்றிக்கொள்வதற்கு மட்டுமே உதவுபவை என்பதால், வேர் குறைவாக இருப்பதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை.

டில்லான்ட்சியா என்பது அன்னாசி அடங்கிய புரோமீலியேசி குடும்பத்தைச் சேர்ந்த பெரும் பேரினம். வட அமெரிக்காவின் தென்பகுதி தொடங்கி, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் வழியாக அர்ஜென்டினா வரை பரவியிருக்கும் இதில் 600-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தொற்றுத் தாவரங்கள். தாங்கும் மரத்தை இடமாக மட்டும் கொள்ளுமே தவிர, அதன் சாற்றை உறிஞ்சுவதில்லை. தண்ணீரையும் சத்தையும் உள்ளே இழுக்கும் வேலையை இலைகளின் மேலுள்ள நுண்ணிய செதில்கள், அதாவது டிரைக்கோம்கள், செய்கின்றன. அட்டையில் ஒரு சொல்கூட இல்லாத இந்தச் செய்தியே உண்மையில் பராமரிப்பு முழுவதற்கும் அடிப்படை. செரோகிராஃபிகாவை வாங்கிய எவரும் இதைத் தம் கண்ணாலேயே பார்க்கலாம். உலர்ந்திருக்கும்போது அதன் அகன்ற இலை வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். செதில்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. அதே இலையில் ஒரு துளி தண்ணீர் விட்டால், துளி நிற்காமல் பரவி, பட்ட இடமெல்லாம் சில நொடிகளில் பச்சையாகும். செதில்கள் நீரால் நிரம்பி ஒளி ஊடுருவும்படி ஆனதால் அடியிலுள்ள பச்சை தெரிகிறது. காய்ந்ததும் மீண்டும் சாம்பல் நிறம். எந்த நிமிடம் இலை முழுவதும் சாம்பல் நிறத்துக்குத் திரும்புகிறதோ அதுவரை செடி ஈரமாக இருக்கிறது என்று கொள்ளலாம். இதைவிட நம்பகமான அளவுகோல் வேறு தேவையில்லை.

இந்த அளவுகோலைக் கொண்டுதான் குடுவையையும் சோதித்தேன். ஒரே நேரத்தில் நனைத்து உதறிய செடிகளில் ஒன்றைச் சன்னலோரக் கம்பித் தட்டின்மேலும், மற்றொன்றைக் குடுவைக்குள் பாசியின்மேலும் வைத்தேன். தட்டின்மேல் இருந்தது நண்பகலுக்குள் வெளுத்துவிட்டது. குடுவைக்குள் இருந்ததோ மாலை வரை பச்சை மாறவில்லை. கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்திருந்தது. அடியிலிருந்த பாசி மறுநாளும் ஈரமாகவே இருந்தது. மணல் துகள்கள் இலைக்கவைகளில் ஒட்டிக்கொண்டிருந்தன. நனைந்த டில்லான்ட்சியா நான்கு மணி நேரத்துக்குள் உலர வேண்டும் என்பது வளர்ப்போர் பொதுவாகப் பின்பற்றும் விதி. அந்த விதியை இந்தக் குடுவையால் நிறைவேற்றவே முடியாது, ஏனெனில் பக்கவாட்டில் இருக்கும் ஒற்றைத் திறப்பின் வழியாகக் காற்று ஓடுவதில்லை. அதுமட்டுமின்றி, நேர்வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டால் கண்ணாடிக்குள் வெப்பம் விரைவில் ஏறும். ஈரமும் வெப்பமும் அசையாத காற்றும் ஒன்று சேர்ந்தால் அடித்தண்டு உள்ளிருந்து அழுகும். நடு இலையை மெல்ல இழுத்தால் அது கையோடு வந்துவிடும். அந்நிலைக்கு வந்த செடியை மீட்பது அரிது.

மூன்றில் இந்த ஆபத்து மிகுதியாக உள்ளது கேபுட் மெடூசேவுக்குத்தான். அதன் குமிழ் போன்ற அடிப்பகுதி உள்ளே கெட்டியானதன்று. ஒன்றையொன்று தழுவிய இலையடிகளுக்கிடையே வெற்றிடங்கள் உண்டு. காட்டில் அந்த இடங்களில் எறும்புகள் குடியிருக்கின்றன. வீட்டில் அதே இடங்களில் தண்ணீர் தேங்கினால் வெளியே தெரியாது. ஆகவே நனைத்த பிறகு தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறி, தலைகீழாகவே காயவைப்பது கட்டாயம். அட்டையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்க வேண்டும்.

கண்ணாடிக்குள் செடி வளர்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. இலண்டன் மருத்துவர் நத்தானியல் பாக்ஷா வார்டு 1829-ஆம் ஆண்டு வாக்கில், அந்துப்பூச்சிக் கூடு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய குப்பிக்குள் வைத்தபோது அந்த மண்ணில் பெரணிச் செடி ஒன்று முளைத்து உயிர்வாழ்வதைக் கண்டார். அதிலிருந்து பிறந்த வார்டியன் பெட்டிகளே வெப்பமண்டலச் செடிகளைக் கடல் கடந்து உயிரோடு கொண்டுசெல்ல வழிவகுத்தன. ஆனால், அங்கே செழித்தவை எப்போதும் ஈரத்தை விரும்பும் செடிகள். பெரணி, பாசி, ஃபிட்டோனியா போன்றவற்றுக்குக் கண்ணாடி பொருத்தமான இடம். மரக்கிளையின் உச்சியில் மழையில் நனைந்து அடுத்த காற்றிலேயே உலர்ந்துவிடும் செடிக்கு அதே கண்ணாடி பொருந்தாது. என் குடுவையில் இப்போது ஒரு ஃபிட்டோனியா இருக்கிறது. அதன் சிவப்பு நரம்போடிய இலைகளுக்கு அந்த ஈரம் மிகவும் ஒத்துப்போகிறது. குடுவையின் தரத்தில் எனக்குக் குறையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணாடி தடிப்பாகவும் குமிழியில்லாமலும் இருக்கிறது, தொங்கவிடும் வளையம் உறுதியானது.

அட்டைக்கு வருகிறேன். “வாரத்துக்கு இருமுறை லேசாகத் தெளித்தால் போதும், வேறு கவனிப்புத் தேவையில்லை” என்பதே அதன் சாரம். காற்றில் ஈரப்பதம் மிகுந்த இடங்களில் இது ஓரளவு போதுமானதாக இருக்கலாம். குளிரூட்டியோ வெப்பமூட்டியோ ஓடும் அறையில், தெளித்த நுண்துளிகள் இலை உறிஞ்சுவதற்கு முன்பே ஆவியாகிவிடுகின்றன. தாகம் கொண்ட அயோனாந்தா அதை வெளிப்படையாகக் காட்டும்: இலைகள் நீளவாக்கில் உள்நோக்கி மடிந்து வாய்க்கால் போலாகும், நுனிகள் பழுப்பேறும். இதற்குச் சரியான முறை, வாரத்துக்கு ஒருமுறை 20 முதல் 30 நிமிடம் வரை முழுச் செடியையும் நீரில் அமிழ்த்தி வைப்பது. அயோனாந்தாவுக்கு இது மிகவும் பிடிக்கும். செரோகிராஃபிகா வறண்ட காடுகளில் வாழ்வது. அதற்கு நனைத்து எடுப்பதே போதும், இலைகளின் நடுவே தண்ணீர் தேங்காமல் கவிழ்த்துவிட வேண்டும். ஈக்வடார், பெரு நாடுகளின் உயர்நிலங்களிலிருந்து வரும் டெக்டோரம் போன்ற வெண்பஞ்சு படர்ந்த இனங்களுக்கு மட்டும் தெளிப்பானே உகந்தது. மூன்று வெவ்வேறு இயல்புள்ள செடிகளைத் தந்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே விதியை அச்சிடுவது, வாங்குபவரின் ஆர்வத்தை மதிக்காத செயல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நீர் விடும் வேளையைப் பற்றியும் அட்டை மௌனம் சாதிக்கிறது. டில்லான்ட்சியாக்களில் பெரும்பாலானவை, கள்ளிகளையும் அன்னாசியையும் போல, பகலில் நீரிழப்பைத் தவிர்க்க இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கிச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைக் கொண்டு உணவு தயாரிப்பவை. இரவில் இலையின்மேல் நீர்ப்படலம் நின்றால் வாயு உள்ளே செல்வது தடைபடும். எனவே காலையில் நனைத்து, பகலுக்குள் உலரவிடுவதே முறை. மழைநீர் மிகச் சிறந்தது. உப்பைக் கொண்டு மென்மையாக்கிய நீரைத் தவிர்க்க வேண்டும், இலைகளில் படியும் உப்பை வெளியேற்ற இந்தச் செடிக்கு வழியில்லை.

தெளிப்பான் நல்ல பொருள். பனிபோல நுண்ணியதாகத் தெளிக்கிறது, இன்றுவரை அடைப்பு ஏற்படவில்லை. உரப்பொட்டலத்தை நான் பயன்படுத்தவில்லை. அதன்மேல் உட்பொருள்களின் பெயரே இல்லை. புரோமீலியேசி குடும்பச் செடிகளுக்குச் செம்பு நஞ்சு. பல கலவை உரங்களிலும் பூஞ்சைக்கொல்லிகளிலும் செம்பு இருக்கும் என்பதால், என்ன இருக்கிறது என்று எழுதாத உரத்தை இலையின்மேல் ஊற்றுவது அறிவுடைமை ஆகாது. அதே காரணத்தால் செம்பு நிறத்திலிருந்த தாங்கிக் கம்பியையும் கத்தி முனையால் சுரண்டிப் பார்த்தேன். மேல்பூச்சுக்கு அடியில் வெளிறிய அலுமினியம் தெரிந்தது, ஆகவே அதனால் கேடில்லை. உண்மையில் முழுத் தொகுப்பிலும் செடிக்கு மிகப் பொருத்தமான பொருள் அந்தத் தாங்கிதான். எல்லாப் பக்கமும் காற்றுப் படும்படி செடியை ஏந்திக்கொள்கிறது. பெட்டியில் ஒன்றுக்குப் பதிலாக மூன்று இருந்திருந்தால் குடுவைக்குத் தேவையே இருந்திருக்காது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்தத் தொகுப்பு எனக்கு நிறைவு தந்தது என்றால், அதற்குக் காரணம் அயோனாந்தா பூத்ததுதான். பூப்பதற்கு முன் அதன் நடு இலைகள் ஒவ்வொன்றாக அடியிலிருந்து நுனிக்குச் சிவந்துகொண்டே வந்தன. பிறகு அந்தச் சிவப்பின் நடுவிலிருந்து மெல்லிய குழல் வடிவ ஊதாப் பூக்கள் எழுந்து நின்றன. குழலின் வாயைத் தாண்டி மஞ்சள் மகரந்தப் பைகள் நீட்டிக்கொண்டிருந்தன. பூ சில நாள்களில் வாடிவிடுகிறது; இலைச்சிவப்பு வாரக்கணக்கில் நிற்கிறது. நல்ல வெளிச்சம் இல்லாவிட்டால் இந்த நிறம் வராது. திரைச்சீலையால் வடிகட்டிய வெயில் விழும் சன்னலோரம் ஏற்ற இடம். அறையின் உட்பகுதியில், மேசை அலங்காரமாக வைத்தால், செடி உயிரோடு இருக்கும், பூப்பது கடினம்.

பூத்த பிறகு நடப்பதை அட்டை சொல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. டில்லான்ட்சியாவின் ஒவ்வொரு இலைக்கொத்தும் வாழ்வில் ஒருமுறைதான் பூக்கும். வாழையைப் போலவே, பூத்து முடித்த தாய், பக்கத்தில் கன்று ஈன்றுவிட்டு மெல்ல மெல்ல ஒடுங்கும். இதை அறியாதவர்கள் தாய்ச்செடி வாடுவதைக் கண்டு, செடி செத்துவிட்டது என்று கன்றோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். கன்று தாயின் அளவில் மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்த பிறகே பிரிக்கலாம். பிரிக்காமல் விட்டால் கொத்தாகத் திரண்டு இன்னும் அழகாக இருக்கும். நான் பிரிக்கவில்லை.

செரோகிராஃபிகாவைப் பற்றி ஒரு வேண்டுகோள். மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர் நாடுகளின் வறண்ட காடுகளுக்கு உரிய இந்த இனம், அழிவுக்குள்ளாகக்கூடிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இடம்பெற்றுள்ளது. நாற்றங்காலில் வளர்த்த செடிகள் தாராளமாகக் கிடைக்கும்போது காட்டிலிருந்து பெயர்த்தெடுத்ததை யாரும் வாங்க வேண்டிய அவசியமில்லை. என் பெட்டியில் நாற்றங்காலில் வளர்த்தது என்ற சீட்டு இருந்தது; இதற்காக விற்பவரைப் பாராட்டுகிறேன். அவரே அதே பக்கத்தில் பொன்னிறமும் நீலமும் பூசிய செடிகளையும் விற்கிறார். நீர் உறிஞ்சும் செதில்களின்மேல் வண்ணம் பூசினால் செடி எதைக் கொண்டு குடிக்கும்? அவற்றை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

குடுவையில்லாமல் செடிகளை மட்டும் விற்கும் தெரிவு அதே பக்கத்தின் அடியில் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே தேர்ந்தெடுத்து, தாங்கிகளைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. முதல் செடியாக அயோனாந்தாவை எடுத்துக்கொள்ளலாம், கேபுட் மெடூசேவை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.