இரட்டைக் கண்ட்ரோலரில் பழுதுப் பதிவை எங்கே வைப்பது?

ஆலையை ஓட்டும் கண்ட்ரோலர் (கட்டுப்பாட்டுக் கணினி) ஒன்று போனாலும் இன்னொன்று ஓட்டும் என்றுதான் இரட்டைக் கண்ட்ரோலர் போடுகிறோம். ராத்திரி 2 மணிக்கு ஓட்டிக்கொண்டிருந்த பிரைமரி விழுகிறது, தயாராகக் காத்திருந்த ஸ்டாண்ட்பை பிடித்துக்கொள்கிறது, ஆலை நிற்கவில்லை. சரி. காலையில் "ஏன் மாறியது?" என்று கேட்கும்போதுதான் தெரியும், காரணம் எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது என்று யாருமே யோசித்து வைக்கவில்லை.

முதல் வழி, அவரவர் பதிவு அவரவரிடம். சீமென்ஸ் எஸ்7-400எச் என்ற இரட்டைக் கண்ட்ரோலரில் இரண்டு சிபியுவுக்கும் தனித்தனி டயக்னாஸ்டிக் பஃபர் (பழுதுகளைக் குறித்துவைக்கும் நினைவகம்) உண்டு. பழுதான யூனிட்டே தன் வாயால் சொல்வதால் இதைவிட நம்பகமான சாட்சி கிடையாது. ஆனால் அது ரிங் பஃபர். நிரம்பினால் பழையதை அழித்து எழுதும். ஒரு லூஸ் வயர் நொடிக்கு ஒரு தடவை விட்டுவிட்டுப் பிடித்தால், வந்தது ஒன்று போனது ஒன்று என நொடிக்கு இரண்டு பதிவு. 100 பதிவு கொள்ளும் பஃபர் 50 நொடியில் துடைக்கப்பட்டுவிடும். 3200 கொள்ளுமானால்கூட அரை மணி நேரம் தாங்காது. கடிகாரத் தொல்லை வேறு. 20 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 20) பிழையுள்ள கடிகாரக் கிரிஸ்டல் ஒரு நாளைக்கு 1.7 நொடி நகரும். இரண்டு யூனிட்டின் கடிகாரங்களும் ஒத்திசையாவிட்டால், எது முன்னால் நடந்தது என்றே சொல்ல முடியாது.

இரண்டாவது வழி, புரோகிராமிலேயே ஒரு பழுதுப் பட்டியல் வைத்து இரண்டு பக்கமும் பிரதி எடுப்பது. பார்க்க அழகாக இருக்கும். ஸ்டாண்ட்பைக்கு மாறிய (சுவிட்ச்ஓவர்) பிறகும் பட்டியல் அப்படியே இருக்கும். ஆபரேட்டர் ஏற்கெனவே அக்னாலெட்ஜ் செய்த (பார்த்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்ட) அலாரம் மறுபடி அலறாது. எனக்கு இதில் இருக்கும் பயம் வேறு. விழுந்த யூனிட்டை மறுபடி இணைக்கும்போது ஓடிக்கொண்டிருப்பவரின் நினைவகம் அதன்மேல் அப்படியே ஏறும். பட்டியலில் அது கடைசியாக எழுதி, பிரதியாவதற்குள் விழுந்திருந்தால், அந்த வரியும் அதோடு போச்சு. பட்டியல் பெருத்தால் பிரதி எடுக்கும் நேரம் ஸ்கேனில் (புரோகிராம் ஒரு சுற்று ஓடும் நேரத்தில்) ஏறும் என்பது தனிக் கணக்கு.

மூன்றாவது வழி, எல்லாவற்றையும் வெளியே ஒரு சர்வருக்கு அனுப்புவது. இடப் பஞ்சம் இல்லை, மாதக்கணக்கில் தேடலாம். ஆனால் சர்வர் 500 மில்லிநொடிக்கு ஒரு தடவை கேட்டு வாங்கினால், 20 மில்லிநொடி மட்டும் எழுந்து விழுந்த பழுது பிட் (ஆம்/இல்லை அடையாளம்) கண்ணில் படாமலே போகலாம். டைம்ஸ்டாம்பைச் சர்வர் போடக் கூடாது, நிகழ்ந்த இடத்திலேயே போட வேண்டும். நெட்வொர்க் சுவிட்சே பழுதானால் அந்த நேரத்துச் செய்தி வராது. பலர் கோட்டைவிடும் இடம் இன்னொன்று: சர்வர் பிரைமரியின் முகவரியை மட்டும் பின்தொடரும்படி அமைத்திருப்பார்கள். ஸ்டாண்ட்பையின் பதிவை யாரும் படிப்பதே இல்லை. அது ஒரு வாரமாக முனகிக்கொண்டிருந்தாலும் தெரியாது.

ஆலைக்கு வெளியே ஒரு உதாரணம், 1996 ஜூன் 4-ல் வெடித்த ஏரியன் 5 ராக்கெட். அதன் இரண்டு நேவிகேஷன் யூனிட்டும் ஒரே மென்பொருள் பிழையால் விழுந்தன. முதலில் விழுந்ததன் பிழை விவரத்தை மட்டுமே தரைக்கு அனுப்ப ஏற்பாடு இருந்தது. கடைசிவரை கட்டுப்பாட்டில் இருந்த யூனிட்டின் கதையைச் சிதறிக் கிடந்த பாகங்களிலிருந்து எடுத்து, நினைவகத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடு என்றால் முதல் வழியைத்தான் எடுப்பேன், கடிகாரங்களை ஒத்திசைத்துவிட்டு. கூடவே மூன்றாவதும் வேண்டும், இரண்டு யூனிட்டையும் தனித்தனியாகப் படிக்கும் சர்வராக. இரண்டாவதை அக்னாலெட்ஜ் நிலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், வரலாற்றுக்கு வேண்டாம்.

அப்புறம், விழுந்த யூனிட்டைக் கழற்றுமுன் இரண்டின் பஃபரையும் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். மின்சாரம் போனால் கடைசிச் சில பதிவுகளை மட்டும் தக்கவைக்கும் மாடல்களும் உண்டு.